கழுத்து, இடது பக்கம்

எங்கள் ஊர்ப் பூங்காவில் கேமராவின் ஃப்ளாஷ் அடித்தால் நடைப்பயிற்சிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். முதல் வாரம் எனக்கு இது புரியவில்லை. செம்பருத்திச் செடிக்குள் தலையை நுழைத்து ஒரு சிலந்தியைப் படம் எடுப்பேன். பளிச்சென்று வெளிச்சம் வரும். நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் நாலைந்து பேர் இரண்டு உள்ளங்கைகளையும் காதில் வைத்து, கண்ணைச் சுருக்கி, வராத சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். சிவகாசியில் வெளிச்சம் தனியாக வந்து பழக்கமில்லை. சத்தம் வராது என்று உறுதியானதும், "நமுத்துப் போச்சு போல" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் கையை இறக்கிவிட்டு மீண்டும் நடப்பார்கள். அவர்கள் முகத்தில் சிறிய ஏமாற்றம் தெரியும்.

நான் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். அச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். படங்களையும் எழுத்துகளையும் கணினியில் அடுக்கி, நிறம் பார்த்து, பிளேட் எடுக்க அனுப்புவது என் பொறுப்பு. எங்கள் அச்சகத்தின் பிழைப்பு காலண்டர். மற்ற ஊர்களில் புது வருடம் ஜனவரியில் பிறக்கும். எங்களுக்கு ஆடி பதினெட்டிலேயே பிறந்துவிடும். அன்றைக்குத்தான் பூஜை போட்டு, அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, ஆல்பம் என்ற பெயரில் ஏஜென்ட்டுகள் கையில் கொடுப்போம். அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று ஆர்டர் பிடித்து வருவார்கள்.

அச்சகத்துக்கு எட்டரை மணிக்குப் போனால் போதும். காலை ஆறு முதல் ஏழரை வரை பூங்கா. என் நோட்டில் அந்தப் பூங்காவின் குடிமக்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. சில வரிகள்:

கும்பிடுபூச்சி, ஒன்று. கும்பிட்டுக்கொண்டே ஓர் ஈயைத் தின்றது.

வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள், எருக்கஞ்செடியில், ஏழு. மறுநாள் ஐந்து. யார் மேல் சந்தேகம் என்று எழுதவில்லை. கரிச்சான் குருவி மேல்தான்.

மரவட்டை, எண்ணவில்லை. தொட்டால் சங்குசக்கரமாகச் சுருளும்; பற்றவைக்க முடியாது.

எறும்பு மாதிரியே நடக்கும் சிலந்தி, ஒன்று. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் மீசைபோல் தூக்கி ஆட்டியது. எட்டுக் காலையும் எண்ணிய பிறகுதான் நம்பினேன்.

தாவும் சிலந்தி, ஒன்று. இதற்குத் தனிப்பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

அந்தத் தாவும் சிலந்தி மிளகளவுதான் இருக்கும். முன்னால் பெரிய கண்கள் இரண்டு. லென்ஸை நெருக்கிக் கொண்டுபோனால் ஓடாது; தலையைத் திருப்பி நேராகப் பார்க்கும், பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்ததுபோல. அதன் கண்ணில் குடைபிடித்த வேப்பமரமும் என் நெற்றியும் தெரிகிற ஒரு படம் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை: அந்தச் சிலந்தி எங்கள் மாதக் காலண்டரில் ஒரு தாளாக வர வேண்டும். யார் வீட்டிலோ ஆணியடித்து அதை மாட்டி, ஒரு மாதம் முழுக்கப் பார்க்க வேண்டும்.

முதலாளியிடம் படத்தைக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"இஞ்சினியரம்மா, செவுத்துல இருக்குற சிலந்திய அடிச்சு வெரட்டத்தான் சனம் ஒட்டடக்கம்பு வாங்குது. அதயே நாம அச்சடிச்சுக் குடுத்து மாட்டச் சொல்றீகளா?"

"கண்ணைப் பாருங்க முதலாளி. எவ்வளவு அழகா இருக்கு."

"அழகாத்தான் இருக்கு. கொழந்தப் படத்துக்கும் இதே அழகுதான். ஆனா கொழந்தைக்கு ரெண்டு கண்ணு. இதுக்கு எம்புட்டு?"

"எட்டு."

"பாத்தீகளா," என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. காத்திருந்தேன். ஆனி மாதம், தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தைச் சரிபார்க்க என்னிடம் வந்தது. அங்கேதான் மனையடி சாஸ்திரமும் பல்லி விழும் பலனும் இருக்கும். உடம்பில் எந்த இடத்தில் பல்லி விழுந்தால் என்ன நடக்கும் என்று ஓர் அட்டவணை; தலை, நெற்றி, கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் இடது பக்கம் ஒரு பலன், வலது பக்கம் ஒரு பலன். அட்டவணைக்கு மேலே ஒரு பல்லியின் கோட்டுப்படம். எங்கள் அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து அதே படம்தான். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்திலிருந்து முதுகுவரை ரம்பம் மாதிரி முள். தாடையின் கீழே தொங்கும் தாடி. வால் உடம்பைப்போல் இரண்டரை மடங்கு.

நேராக முதலாளியின் அறைக்குப் போனேன்.

"முதலாளி, நம்ம பல்லி பல்லியே இல்ல. ஓணான்."

"என்னது?"

"ஓணான். ஆதாரம் மூணு. ஒன்னு, முதுகு முள்ளு. ரெண்டு, தாடி. மூணு, வாலு."

அவர் அட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டு வருசமா ஓணானயா வித்துக்கிட்டு இருக்கோம்?"

"ஆமா முதலாளி."

"ஒருத்தன் கூடக் கேக்கலையே!"

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனாலும் தெரிந்த பிறகு விட மனமில்லை. பக்கத்து அச்சகத்துக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற யோசனை அவர் நெற்றியில் ஓடியது. நான் சமயம் பார்த்து, பூங்காவில் நல்ல பல்லியாகப் படம் எடுத்து வருகிறேன் என்றேன். பதிலுக்கு மாதக் காலண்டரில் என் சிலந்திக்கு ஒரு தாள் வேண்டும் என்றேன்.

அவர் மேசையில் விரலால் தட்டினார். "சரி. ஆல்பத்துக்கு முன்னாடி பல்லி வரணும். நாலு காலும் முழு வாலும் தெரியணும். ஆடி பதினெட்டு அன்னைக்கு ஏஜென்ட்டுக ஒருத்தர் கூட அந்தப் பக்கத்துல ஒரு குறை சொல்லக் கூடாது. சொல்லலேன்னா உங்க சிலந்திக்கு ஒரு தாள். சொன்னாகன்னா, பெறகு இந்த பிரஸ்ல பூச்சியப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். பல்லிதானே என்று நினைத்தேன்.

வீட்டில் எடுக்க அம்மா விடவில்லை. "ஒனக்கு ஜாதகம் எடுத்து நாலு எடத்துல குடுத்திருக்கு. இந்த நேரத்துல நீ வெளிச்சம் அடிச்சு, அது பயந்து யாரு தலையிலயாச்சும் விழுந்து வெச்சா?" என்றாள். அச்சகத்தில் மை வாடைக்குப் பயந்தோ என்னவோ பல்லி தங்குவதில்லை. பூங்காவுக்குப் போனேன். பட்டாசு ஆலை வேன்கள் நாரணாபுரம் பக்கம் போகும் நேரத்துக்கு முன்பே போய், ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். முதல் நாள் ஓணான் நான்கு. இரண்டாம் நாள் ஓணான் ஆறு, அரணை ஒன்று. மூன்றாம் நாள் ஓர் ஓணான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கேலி செய்தது. தேடாதபோது ஊரெல்லாம் இருக்கும் பிராணி, தேடும்போது ஊரைவிட்டே போய்விடுகிறது.

நான்காம் நாள், வேப்பமரத்தின் பட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது. பூங்காவைக் கூட்டித் தண்ணீர் பாய்ச்சும் அக்கா, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏ புள்ள, மூணு நாளா மரத்த மோந்து பாத்துக்கிட்டு அலையுத. கம்மலக் கிம்மலத் தொலச்சிட்டியா?"

"பல்லி தேடுறேன்க்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பல்லியா? வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரமானது. "இங்கன வா," என்று என்னை மோட்டார் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். பூங்காவின் மூலையில், தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் இருக்கும் சிறிய அறை அது. கதவில் நீல வண்ணத்தில் 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருக்கும். உள்ளே மோட்டார், மண்வெட்டி, அக்காவின் தூக்குவாளி. சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். எங்கள் அச்சகத்துக் காலண்டர்தான்.

"அதுக்குப் பின்னாடிதான் ஒன்னு குடும்பம் நடத்துது. நான் என்ன பேசுனாலும் ச்சு ச்சுன்னு ஆமாம் போடும். வீட்ல கூட எனக்கு இம்புட்டு மரியாத கெடையாது."

அடுத்த மூன்று காலைகளின் கணக்கு: ஒரு படத்தில் தலை மட்டும். ஒரு படத்தில் வால் மட்டும். பதினொரு படங்களில் காலண்டர் மட்டும். அது எங்கள் அச்சகத்தின் முருகனுக்குக் கீழே ஒரு மூக்கை நீட்டும். நான் குவியம் வைப்பதற்குள் உள்ளே போய்விடும். காலண்டரை எடுத்துவிடலாம்தான். ஆனால் எடுத்தால் ஓடிவிடும். பிறகு திரும்பி வருமோ வராதோ. எனவே குத்துக்காலிட்டு, கேமராவை மூட்டில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போதுதான் அண்ணாச்சி உள்ளே வந்தார்.

அண்ணாச்சி எங்கள் அச்சகத்தின் ஏஜென்ட்டுகளில் மூத்தவர். தினமும் அதே பூங்காவில் நடப்பவர். நடப்பதைவிடப் பேசுவது அதிகம். ஆல்பத்தில் குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு வருடம் முருகனுடைய மயில் பக்தரைப் பார்க்காமல் சைடில் பார்க்கிறது என்றார். மறு வருடம் லட்சுமியின் சேலை விருதுநகர் மிளகாய் வத்தல் நிறத்தில் இருக்கிறது, அதுவும் போன வருடத்து வத்தல் என்றார். முதலாளி, ஏஜென்ட்டுகள் ஒருவரும் குறை சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டபோது அவர் மனதில் இருந்ததும் அண்ணாச்சிதான், என் மனதில் இருந்ததும் அண்ணாச்சிதான்.

"ஏ பாப்பா, இங்கன உக்காந்து என்ன செய்த?"

"ஸ்ஸ்… பல்லி, அண்ணாச்சி. காலண்டருக்குப் பின்னாடி."

"அதுக்கா இப்படித் தவம் கெடக்க? காலண்டரத் தூக்குனா வந்துட்டுப் போகுது."

வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிவிட்டார். பல்லிக்குக் கூரை போய்விட்டது. அது ஒரு கணம் சுவரில் திகைத்து நின்று, அடுத்த கணம் துள்ளி, அண்ணாச்சியின் கழுத்தில் இறங்கியது. நான் பதறியதில் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. ஃப்ளாஷ் அடித்தது.

அண்ணாச்சி காலண்டரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"காதப் பொத்தி என்னய்யா செய்ய? பல்லியா வெடிக்கப் போகுது? கழுத்துல இருக்கு, தட்டிவிடும்!" என்று அக்கா கத்தினார்.

"கழுத்துலயா?" என்று அவர் காதைப் பொத்தியபடியே கேட்டார். அதற்குள் பல்லி தானாகவே சலித்துப்போய்ச் சுவருக்குத் தாவிவிட்டது. காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அழுக்கில்லாமல் வெள்ளையாக ஒரு கட்டம் இருந்தது. அதன் நட்ட நடுவில், நான்கு காலையும் விரித்து, முழு வாலையும் ஒரு பக்கமாக வளைத்து அது உட்கார்ந்தது. ஸ்டுடியோவில் கூட அப்படிப்பட்ட பின்னணி கிடைக்காது. மூன்று படம் எடுத்தேன். மூன்றும் கண்ணாடிபோல வந்தன.

இதற்கிடையே அண்ணாச்சி தரையில் கிடந்த காலண்டரை எடுத்துத் திருப்பியிருந்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

"பாப்பா, எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"இடது, அண்ணாச்சி."

"கழுத்து… இடது…" விரல் நின்றது. "வெற்றி! ஏலே, வெற்றின்னு போட்டிருக்குலே!" அங்கே 'ஏலே' என்று கூப்பிட யாரும் இல்லை. மோட்டாரைப் பார்த்துத்தான் சொன்னார். "வலது பக்கம் விழுந்திருந்தா பகை. நூலிழையில தப்பிச்சிருக்கேன்."

அந்த வாரமே மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு நகைக்கடை ஆர்டர் அவருக்குக் கோவில்பட்டியில் கிடைத்தது. அதன்பிறகு பூங்காவில் அவருக்கு வேறு பேச்சில்லை. உடற்பயிற்சிக் கருவியில் கால் ஆட்டுகிறவரிடமும், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறவரிடமும் கழுத்தைச் சாய்த்து அந்த இடத்தைக் காட்டினார். "கழுத்து. இடது. நம்ம பிரஸ் காலண்டர்ல போட்டிருக்கு. நம்ம பஞ்சாங்கம் தப்பவே தப்பாது."

நான் அச்சகத்தில் அந்தப் பக்கத்தைப் புதிதாக வடிவமைத்தேன். இங்கேதான் நான் படித்த படிப்பு குறுக்கே வந்தது. மேலே என் பல்லி. கீழே நடுவில், நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு மனித உருவம். அதன் இரண்டு பக்கமும் பலன்கள். பழைய அட்டவணையை அப்படியே எடுத்து இரண்டாகப் பிரித்து வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம்மைப் பார்த்து நிற்கிறவரின் இடது கை நமக்கு வலது பக்கம் அல்லவா இருக்கும்? எனவே 'இடது', 'வலது' என்ற இரண்டு தலைப்புகளையும் இடம் மாற்றினேன். மாற்றிவிட்டு, என் நுணுக்கத்தை நானே மெச்சிக்கொண்டு, ஒரு தேநீர் குடித்தேன். தலைப்புகளோடு அவற்றின் கீழே இருக்கும் பலன்களையும் மாற்ற வேண்டும் என்பது தேநீரோடு போய்விட்டது.

பஞ்சாங்கப் பகுதியை மூன்று பேர் சரிபார்ப்பார்கள். ராகு காலம் கால் மணி நேரம் தவறினால் எத்தனை கல்யாணம் பாதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பல்லிப் பலனை யாரும் சரிபார்ப்பதில்லை. எந்த வருடமும் மாறாத ஒன்றில் தப்பு எங்கிருந்து வரும்?

ஆடி பதினெட்டு. அச்சகத்து முற்றத்தில் சாமி படத்துக்கு மாலை, மெஷின்களுக்குச் சந்தனம், ஏஜென்ட்டுகளுக்குக் கேசரி. முதல் ஆல்பத்தை முதலாளி கற்பூரம் காட்டி எடுத்து, வழக்கம்போல மூத்தவரான அண்ணாச்சியிடம் கொடுத்தார். மற்றவர்கள் பிள்ளையார், லட்சுமி, கைக்குழந்தை என்று வரிசையாகப் புரட்டினார்கள். அண்ணாச்சி எதையும் பார்க்காமல் தினசரிக் காலண்டர் அட்டையைத் தேடி எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.

நான் எதிரே கேசரித் தட்டுடன் நின்றேன். என் வேலையில் தலைகீழாக இருக்கும் எழுத்தையும் படிக்கப் பழகிவிடும். அவர் விரல் இறங்கியதை நானும் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். கழுத்து. இடது. பகை.

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

அண்ணாச்சி மறுபடி மேலிருந்து படித்தார். மறுபடி பகைதான். நான் அவர் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தேன்; மயிலைப் பற்றியும் வத்தலைப் பற்றியும் கத்திய வாய். என் சிலந்தி மனதுக்குள் எட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டது.

ஆனால் அவர் கத்தவில்லை. இடது கை மெதுவாக எழுந்து கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டது. பிறகு அந்தக் கை இறங்கி, வலது கை எழுந்து வலப்பக்கத்தைத் தொட்டது. ஆல்பத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் அருகே வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"பாப்பா, அன்னைக்கு அது வலது பக்கந்தானே விழுந்துச்சு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. இந்தக் காலண்டர் தப்பாது என்று சொல்லியே விற்றவர் அவர். அது தப்பு என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. தப்பியது தன் கழுத்தாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஊரு பூரா இடதுன்னு சொல்லிட்டேன். கோவில்பட்டி ஆர்டர் வேற கையில இருக்கு. நீதான் போட்டோ எடுத்தியே, அதக் காட்டு."

மேசைக்குப் போனோம். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வேறு ஒருவரிடம் கேசரி வாங்கத் திரும்பிய நேரத்தில் படத்தைத் திறந்தேன். காதைப் பொத்திய அண்ணாச்சி; கழுத்தின் இடப்பக்கத்தில் வாலை ஆட்டியபடி பல்லி. படத்தை இடம் வலமாகத் திருப்ப ஒரு பொத்தான் போதும். அப்படித் திருப்பினால் பல்லி வலது கழுத்துக்குப் போய்விடும். வலதுக்கு நான் வடிவமைத்த பக்கத்தில் வெற்றி. அண்ணாச்சிக்கு நிம்மதி, எனக்குச் சிலந்தித் தாள், ஒருவருக்கும் தெரியாது.

அழுத்தினேன்.

பல்லி வலப்பக்கம் போனது. அதோடு அண்ணாச்சிக்குப் பின்னாலிருந்த திறந்த கதவும் திரும்பியது. அதில் நீல எழுத்தில் 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்பது முழுதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பின்னோக்கி ஓடியது. எழுத்தை இடம் வலமாக மாற்றி அடித்தால் முதல் மாத அப்ரென்டிஸ் கூடக் கண்டுபிடித்துச் சிரிப்பான். அண்ணாச்சி நாற்பது வருடமாக அச்சு எழுத்தோடு பழகியவர். யோக்கியதையால் இல்லை, எழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் படத்தை மறுபடி நேராக்கினேன். அதற்குமேல் ஒளிக்க எதுவும் இல்லை.

"இடதுதான், அண்ணாச்சி," என்றேன். "இந்தா பாருங்க. உங்க கழுத்துல தப்பு இல்ல. அச்சடிச்ச பக்கத்துலதான் தப்பு. தலைப்ப நான் மாத்திட்டேன், பலன மாத்த மறந்துட்டேன்."

இதை நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பின்னால் முதலாளி நின்றிருந்தார். மற்ற ஏஜென்ட்டுகளும் அருகில் வந்துவிட்டார்கள்.

"என்னத்த மாத்துனீக?"

சொன்னேன். ஒன்று, தலைப்பு மாறியது. இரண்டு, பலன் மாறவில்லை. மூன்று, ஆல்பத்தில் மட்டும்தான் இப்படி. பெரிய லோடு இன்னும் மெஷின் ஏறவில்லை, பிளேட்டைத் திருத்திவிடலாம். நான்காவதாக ஒன்று சொல்ல வாயெடுத்தபோது அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அப்போ கழுத்து இடது வெற்றிதான?"

"வெற்றிதான், அண்ணாச்சி."

"பழைய காலண்டர்தான சரி?"

"அதான் சரி."

"அப்படிச் சொல்லு தாயி! ஒரு நிமிசத்துல என் உசுரே போயிட்டு வந்துச்சு." அவர் மற்ற ஏஜென்ட்டுகளைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்ப்பா, எல்லாரும் கேட்டுக்கோங்க. பல்லிப் பக்கம் பிரமாதமா இருக்கு. பல்லிய நம்ம கண்ணு முன்னால எடுத்தது. நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்." அவர் ஆல்பத்தில் குறையில்லை என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. 

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நான் பட்டியலைத் தயாராக வைத்திருந்தேன்.

"முதலாளி, நீங்க சொன்ன நிபந்தனை: ஏஜென்ட்டுக ஒருத்தர் கூடக் குறை சொல்லக் கூடாது. அண்ணாச்சி குறை இல்லன்னு சொல்லிட்டார். மத்தவங்க ஒன்னும் சொல்லல. குறை சொன்னது ஒரே ஒரு ஆளு, நான். நான் ஏஜென்ட் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இடது எது வலது எதுன்னு தெரியாத ஆளுக்கு, பேசுறதுக்கு மட்டும் பஞ்சமில்ல." பிறகு மாதக் காலண்டரின் பன்னிரண்டு தாள்களையும் மேசையில் பரப்பினார். ஜனவரியைத் தொட்டார், நகர்ந்தார். ஏப்ரலில் சித்திரை பிறக்கிறது, தொடவே இல்லை. அக்டோபர், நவம்பரை என் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினார். கடைசியில் ஒரு தாளை உருவி என் முன்னால் போட்டார்.

"பிப்ரவரி. இருபத்தெட்டு நாள்தான். பூச்சிக்கு அது போதும். பக்கத்துல ஒரு ரோசாப்பூ வெச்சுருங்க, பொம்பளப்புள்ளைக பயந்துறக் கூடாது."

ரோஜாப்பூ வைத்தேன். சிலந்தி அதைவிடப் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

பல்லிப் பக்கத்தின் பிளேட்டைத் திருத்தினோம். இம்முறை பல்லிப் பலனையும் மூன்று பேர் சரிபார்த்தார்கள். ஒருவர் தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தப்பான மாதிரி அட்டைகளை ஏஜென்ட்டுகளிடமிருந்து திரும்ப வாங்கி வெட்டிப் போடச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது.

மறுவாரம் மோட்டார் ரூமுக்குப் போனபோது அது அங்கே இருந்தது. அக்கா பழைய காலண்டருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து, அந்த அட்டையைப் பின்பக்கம் தெரியும்படி மாட்டியிருந்தார்.

"அண்ணாச்சிதான் குடுத்தாரு. நம்ம பல்லி படமுல்ல, அதான் அதுக்கே தெரியட்டும்னு மாட்டிட்டேன்."

"அக்கா, அதுல இடது வலது மாறியிருக்கு. அது தப்பு."

"தெரியும் புள்ள, அவரு சொன்னாரு." அவர் தூக்குவாளியைத் திறந்துகொண்டே சொன்னார். "நல்லதா விழுந்தா பழசப் பாப்பேன். கெட்டதா விழுந்தா புதுசப் பாப்பேன்."

பல்லி இப்போது இரண்டு வீட்டுக்காரன். எந்த அட்டைக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிவதில்லை. அண்ணாச்சி நடைப்பயிற்சியை முடித்துவிட்டுத் தினமும் உள்ளே வந்து, குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியை அந்தச் சுவரோரமாகத்தான் செய்கிறார். இடது பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிற்கிறார். சட்டைக் காலரை லேசாக இறக்கி விட்டிருக்கிறார். கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறார். நான் வெளியே எருக்கஞ்செடியருகே இருந்து ஃப்ளாஷ் அடிக்கும்போதெல்லாம் அவர் மட்டும் காதைப் பொத்துவதில்லை. கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்.